நீர் டிராகன் வளர்க்க ஆசையா? முதல்ல இதைப் படிச்சிடுங்க

1/
போன வாரம் ஒரு படம் போட்டிருந்தேன். என் மகளோட கையில ஒரு பச்சை ஓணான். உடம்பு முழங்கை வரைக்கும், வால் அதுக்கும் கீழ தொங்கிட்டு இருக்கும். வந்த கேள்விகள்ல பாதி "டாக்டர், இது இகுவானாவா?" மீதிப் பாதி "எங்க பையனும் இதையேதான் கேக்கறான், வாங்கிக் குடுக்கலாமா?" ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா எழுத நேரம் இல்ல. அதனால இந்த நீண்ட இழை. ஒரு காபியோட உக்காருங்க.

2/
இகுவானா இல்லைங்க. இது சீன நீர் டிராகன். அறிவியல் பேரு பிசிக்னாதஸ் கொச்சின்சினஸ். தெற்கு வியட்நாமுக்கு ஐரோப்பியர்கள் வெச்சிருந்த பழைய பேருதான் கொச்சின்சைனா. இகுவானா அமெரிக்கக் கண்டத்து ஆளு, வேற குடும்பம். நீர் டிராகன் 'அகாமிடே' குடும்பம். நம்ம ஊர் வேலியில தலையை ஆட்டிட்டு உக்காந்திருக்குமே, அந்த ஓணானும் அதே குடும்பம்தான். சொல்லப்போனா ஓணானோட பெரியப்பா மகன்.

3/
சொந்த ஊர் வியட்நாம், லாவோஸ், கம்போடியா, தாய்லாந்து, தெற்குச் சீனா. காட்டுக்குள்ள ஓடை எங்க இருக்கோ அங்க இருக்கும். ஓடைக்கு மேல நீண்டிருக்கிற கிளையில படுத்திருக்கும். ஆபத்துன்னு தோணினா அப்படியே தொப்புன்னு தண்ணியில விழுந்து, அடியில பல நிமிஷம் மூச்சடக்கிக் கிடக்கும். நல்லா நீந்தும். ஆண் வால் நுனி வரைக்கும் 90 செமீ வரை வளரும். அதுல மூணுல ரெண்டு பங்குக்கு மேல வால்தான். நல்லா வெச்சுக்கிட்டா 10 முதல் 15 வருஷம் இருக்கும்.

4/
ஒரு விஷயத்தை முதல்லயே சொல்லிடறேன். நான் கால்நடை மருத்துவர் இல்ல. இங்கிலாந்துல வேலை பாக்கிற குழந்தை மருத்துவர். இந்த இழையில ரெண்டு விஷயத்தை டாக்டரா சொல்லுவேன்: ஒண்ணு சால்மனெல்லா, இன்னொண்ணு எலும்பு. மத்ததெல்லாம் ஒரு அப்பாவா, மூணு வருஷம் படிச்சு, கேட்டு, இப்ப ஒரு வருஷத்துக்கும் மேல வளர்த்துத் தெரிஞ்சுக்கிட்டது. உங்க பல்லிக்கு உடம்பு சரியில்லன்னா எனக்கு மெசேஜ் பண்ணாதீங்க, ஊர்வனவற்றைப் பார்க்கிற கால்நடை டாக்டர்கிட்ட போங்க.

5/
மகளுக்கு 8 வயசு இருக்கும்போது ஆசை வந்தது. கூடப் படிக்கிற பிள்ளை வீட்டுல பார்த்துட்டு வந்து ஒரே பிடி. நாயும் வேண்டாம், பூனையும் வேண்டாம், இதுதான் வேணும். மனைவி என் முகத்தைப் பார்த்தாங்க. நான் சொன்ன பதில்: "வாங்கலாம்மா. ஆனா தம்பிக்கு 5 வயசு ஆகட்டும்." தம்பிக்கு அப்ப 2 வயசு. அவ விரல் விட்டு எண்ணிப் பார்த்துட்டு அழுதா. 8 வயசுப் பிள்ளைக்கு மூணு வருஷம்னா ஒரு யுகம். ஆனா இதுல மட்டும் நான் இறங்கி வரல. ஏன்னு சொல்றேன்.

6/
பல்லி, பாம்பு, ஆமை எல்லாத்தோட குடல்லயும் சால்மனெல்லா கிருமி சர்வ சாதாரணமா குடியிருக்கும். அதுங்களுக்கு ஒண்ணும் ஆகாது. பார்க்க ஆரோக்கியமா, பளபளன்னு இருக்கும். ஒரு தடவை டெஸ்ட் பண்ணி கிருமி இல்லைன்னு வந்தாலும் நம்ப முடியாது, ஏன்னா விட்டு விட்டுத்தான் வெளியேத்தும். அதனால "எங்க பல்லி சுத்தமானது"ங்கிற பேச்சே கிடையாது. எல்லாப் பல்லிகிட்டயும் இருக்குன்னு வெச்சுக்கிட்டுத்தான் நடந்துக்கணும்.

7/
பெரியவங்களுக்கு வந்தா நாலு நாள் பேதி, காய்ச்சல், சரியாயிடும். கைக்குழந்தைக்கு அப்படி இல்ல. கிருமி ரத்தத்துல போகலாம், மூளைக்காய்ச்சல் வரலாம். சில வருஷங்களுக்கு முன்னாடி தென்மேற்கு இங்கிலாந்துல 5 வயசுக்கு உட்பட்ட சால்மனெல்லா கேஸ்களை எடுத்துப் பார்த்தாங்க. நாலுல ஒரு பங்குக்கு மேல குழந்தைகளுக்கு ஊர்வன விலங்கோட தொடர்பு இருந்தது. அவங்கதான் வயசுல இன்னும் சின்னவங்க. ஆஸ்பத்திரியில சேர்க்க வேண்டிய நிலைமையும் அவங்களுக்குத்தான் அதிகம்.

8/
குழந்தை பல்லியைத் தொடவே வேண்டியதில்லங்கிறதுதான் இதுல முக்கியம். அக்கா தொட்டுட்டு கை கழுவாம பால் பாட்டிலை எடுத்தா போதும். பல்லி நடந்த தரையில குழந்தை தவழ்ந்தா போதும். இதுல நீர் டிராகனுக்குன்னு ஒரு தனிப் பிரச்சினை இருக்கு. அது குளிக்கிற தொட்டியிலயேதான் மலம் கழிக்கும். அந்தத் தண்ணி தெளிவா இருந்தாலும் கிருமிக் கஷாயம். அதைத் தினமும் மாத்தணும். அதைக் கிச்சன் சிங்க்ல கொட்டுற வீட்டுல என்ன நடக்கும்னு நீங்களே யோசிச்சுக்கோங்க.

9/
அதனால என் பரிந்துரை நேரானது. 5 வயசுக்குக் கீழ குழந்தை, கர்ப்பிணி, 65 வயசைத் தாண்டினவங்க, கீமோ எடுக்கிறவங்க, உறுப்பு மாற்று செஞ்சவங்க, எதிர்ப்புச் சக்தி குறையற மருந்து சாப்பிடறவங்க யாராவது வீட்டுல இருந்தா பல்லி வேண்டாம். இது இருக்கிற வீட்டுக்கு அவங்க வந்து தங்கினா, அந்த அறைப் பக்கமே விட வேண்டாம். எங்க அம்மா வருஷத்துல ரெண்டு மாசம் வந்து இருப்பாங்க. அவங்க இருக்கும்போது அந்தக் கதவு சாத்தித்தான் இருக்கும்.

10/
அம்மாகிட்ட போன்ல விஷயத்தைச் சொன்னப்போ வந்த பதில் நீங்க எதிர்பார்க்கிறதுதான். "வேலியில போற ஓணானை எடுத்து வேட்டிக்குள்ள விட்ட கதையா இருக்கேடா தம்பி." கரப்பான் பூச்சியும் வெட்டுக்கிளியும் காசு குடுத்து வாங்கணும்னு சொன்னதும் ஒரு நிமிஷம் பேச்சே இல்ல. அப்புறம், "உங்க தாத்தா காலத்துல வெட்டுக்கிளி வந்தா தகரம் தட்டி விரட்டுவோம்"னாங்க.

11/
அந்த மூணு வருஷத்துல மகள் ஒரு நோட்டுப் புத்தகம் போட்டா. முதல் பக்கத்துல கேள்வி: "அதுக்கு என்ன வேணும்?" நாங்க ரெண்டு பேரும் சேர்ந்து படிக்கப் படிக்கப் புரிஞ்சது இதுதான். நாய் நம்ம வீட்டுக்கு வந்து நம்மோட வாழும். நீர் டிராகன் நம்ம வீட்டுல வாழாது. வியட்நாம் ஓடைக்கரையில ஒரு துண்டை வெட்டி எடுத்து வந்து நாமதான் வீட்டுக்குள்ள வைக்கணும். அது அந்தத் துண்டுக்குள்ள வாழும். வெப்பம், ஈரம், வெளிச்சம், உயரம், தண்ணி. இந்த அஞ்சுல ஒண்ணு குறைஞ்சாலும் உடம்பு கெடும்.

12/
உயரம்: இது மரத்துல வாழற உயிர். அகலத்தை விட உயரம் முக்கியம். வளர்ந்த ஒரு டிராகனுக்குக் குறைஞ்சது 4 அடி நீளம், 2 அடி ஆழம், 6 அடி உயரம். ஆமா, பீரோ சைஸ். கடையில குட்டியை 2 அடி கண்ணாடித் தொட்டியில போட்டுக் காட்டுவாங்க. குட்டி ஒரு வருஷத்துல அதைத் தாண்டிடும். "பிறகு பெருசு வாங்கிக்கலாம்"னு நினைக்கிறவங்க முதல்லயே பெருசை வைக்க வீட்டுல இடம் இருக்கான்னு டேப் எடுத்து அளந்து பாருங்க.

13/
வெப்பம்: ஒரு பக்கம் வெயில் காயற இடம், கிட்டத்தட்ட 32 டிகிரி. இன்னொரு பக்கம் நிழல், 25ஐ ஒட்டி. ராத்திரி அதுக்கும் கொஞ்சம் கீழ. தன் உடம்புச் சூட்டைத் தானே உண்டாக்கத் தெரியாத உயிர் இது. சூடு வேணும்னா வெயிலுக்குப் போகும், போதும்னா நிழலுக்கு வரும். அதனால பெட்டி முழுக்க ஒரே சூடு வெச்சா அதுக்குத் தேர்வே இல்லாமப் போயிடும். தெர்மோஸ்டாட் கண்டிப்பா வேணும். பல்புக்குக் கம்பி வலை போடணும், இல்லன்னா மேல ஏறி ஒட்டிக்கிட்டுச் சுட்டுக்கும்.

14/
ஈரம்: காத்துல ஈரப்பதம் 60 முதல் 80 சதவீதம். நம்ம கடலோர ஊர்க்காரங்களுக்கு இது சாதாரணம். ஹீட்டர் ஓடற இங்கிலாந்து வீட்டுல காத்து காஞ்சு கிடக்கும். காலையும் மாலையும் தண்ணி தெளிக்கணும். ஈரம் குறைஞ்சா சட்டை சரியா உரியாது. விரல் நுனியிலயும் வால் நுனியிலயும் பழைய தோல் வளையமா இறுகி ரத்த ஓட்டத்தை நிறுத்திடும். பிஞ்சு விரல்ல நூல் சுத்தி நீலமாகி வர்ற கைக்குழந்தைகளை நாங்க பார்க்கிறது உண்டு. அதே கதைதான்.

15/
கண்ணாடி: இதுக்குக் கண்ணாடின்னு ஒண்ணு இருக்கிறதே புரியாது. அந்தப் பக்கம் தெரியுது, போக முடியலன்னு மூக்கைத் தேய்ச்சுக்கிட்டே இருக்கும். மூக்கு புண்ணாகி, சீழ் பிடிச்சு, வாய்க்குள்ள பரவும். பெட்டியோட மூணு பக்கமும் பலகையா இருக்கட்டும். முன் கண்ணாடியில அடியிலிருந்து ஒரு சாண் உயரத்துக்குக் காகிதம் ஒட்டுங்க. உள்ள இலை, கிளை நிறைய வையுங்க. செலவே இல்லாத வைத்தியம் இது.

16/
இப்ப வெளிச்சம். இந்த இழையோட உயிர்நாடி இதுதான். கொஞ்சம் மெதுவா படிங்க.

சூரிய வெளிச்சத்துல புறஊதாக் கதிர் இருக்கு. அதுல யூவிபி-ன்னு ஒரு பகுதி. 290 முதல் 315 நானோமீட்டர் அலைநீளம். அது தோல்ல பட்டாத்தான் உடம்பு வைட்டமின் டி3 தயாரிக்கும். டி3 இருந்தாத்தான் குடல் கால்சியத்தை உறிஞ்சும். எனக்கும் அப்படித்தான், உங்க குழந்தைக்கும் அப்படித்தான், நீர் டிராகனுக்கும் அப்படித்தான். இதுல இன்னொரு படி உண்டு. தோல்ல உருவாகிற முதல் பொருள் டி3-ஆ மாற உடம்புல சூடு வேணும். அதனால யூவிபி விளக்கும் சூட்டு விளக்கும் ஒரே இடத்துல விழணும்.

17/
இதுல மூணு உண்மை தெரிஞ்சிருக்கணும்.

ஒண்ணு, சாதாரண ஜன்னல் கண்ணாடி யூவிபியைத் தடுத்துடும். ஜன்னலோரம் வெச்சேன், வெயில் படுதுங்கிறது கணக்குல வராது.

ரெண்டு, யூவிபி நம்ம கண்ணுக்குத் தெரியாது. விளக்கு பளிச்சுன்னு எரியும், யூவிபி வராது.

மூணு, விளக்குல யூவிபி மாசக்கணக்குல குறைஞ்சுக்கிட்டே வரும். அதனால தயாரிப்பாளர் சொன்னபடி 6 மாசமோ 12 மாசமோ ஆனதும், நல்லா எரிஞ்சாலும் மாத்தியாகணும்.

18/
டி3 இல்லைன்னா என்ன ஆகும்? இதயம் துடிக்கவும் நரம்பு வேலை செய்யவும் ரத்தத்துல கால்சியம் ஒரு அளவுல நின்னாகணும். குடல் வழியா வரவு நின்னு போச்சுன்னா, கழுத்துல இருக்கிற பாராதைராய்டு சுரப்பி எலும்புல கை வைக்கும். வருமானம் நின்ன வீட்டுல பீரோவுல இருக்கிற நகையை ஒண்ணொண்ணா அடகு வைக்கிற மாதிரி. வெளியில இருந்து பார்த்தா குடும்பம் நல்லா ஓடுற மாதிரியே தெரியும். பீரோ காலியானது திறந்து பார்த்தாத்தான் தெரியும்.

19/
பல்லிகள்ல இதுக்கு வளர்சிதை எலும்பு நோய்னு பேரு. தாடை எலும்பு கரைஞ்சு அந்த இடத்துல நார்த்திசு வளரும். தாடை ரப்பர் மாதிரி ஆகிடும், வீங்கும். கால் வளையும். லேசா விழுந்தாலே எலும்பு முறியும். கடைசியில விரல் துடிக்கும், வலிப்பு வரும். குழந்தைகள்ல இதோட நெருங்கிய உறவு ரிக்கெட்ஸ். வளைஞ்ச கால், பெருத்த மணிக்கட்டு, தாமதமா நடக்கிறது, சில நேரம் வலிப்பு.

20/
1919-ல பெர்லின்ல குர்ட் ஹுல்ட்ஷின்ஸ்கின்னு ஒரு குழந்தை மருத்துவர், ரிக்கெட்ஸ் வந்த குழந்தைகளைப் பாதரச ஆவி விளக்கு முன்னாடி உக்கார வெச்சார். எலும்பு தேறிச்சு. ஒரு கையில மட்டும் வெளிச்சம் பட்டாலும் ரெண்டு கை எலும்பும் தேறினதை எக்ஸ்ரேவுல காட்டினார். வெளிச்சத்தால தோல்ல ஏதோ ஒண்ணு உருவாகி உடம்பெல்லாம் போகுதுன்னு அப்பத்தான் புரிஞ்சது. இன்னிக்குப் பல்லிக் கூண்டுக்கு மேல நாம மாட்டற குழல் விளக்கு அந்த விளக்கோட பேரன்தான்.

21/
நம்ம நிறத்துக்காரங்களுக்கு இங்க இது ரொம்ப முக்கியம். இங்கிலாந்துல அக்டோபர்ல இருந்து மார்ச் ஆரம்பம் வரைக்கும் வெயில்ல போதுமான யூவிபி கிடையாது. வெயில் அடிச்சாலும் பிரயோஜனம் இல்ல. கருத்த தோலுக்கு இன்னும் அதிக நேரம் வெயில் வேணும். என் க்ளினிக்குக்கு ரிக்கெட்ஸோட குழந்தைகள் வர்றது இன்னும் நிக்கல. அந்த அம்மாக்கள் யாரும் பிள்ளையைக் கவனிக்காதவங்க இல்ல. ஊட்டி ஊட்டி வளர்த்தவங்க. குறை அன்புல இல்ல. ஒரு சொட்டு மருந்து விஷயத்தை யாரும் அவங்க மொழியில சொல்லல, அவ்வளவுதான்.

22/
இப்ப பச்சையப்பன் கதைக்கு வர்றேன். (பேரு மகள் வெச்சது. அம்மாவுக்குப் பேரு மட்டும் ரொம்பப் பிடிச்சுது.)

தம்பிக்கு 5 வயசு முடிஞ்சது. கடையில உள்ளங்கை நீளக் குட்டி 50 பவுண்டுக்குக் கிடைச்சது. அதே வாரம் பக்கத்து ஊர் ஊர்வன மீட்பு நிலையத்துல ஒரு ஆண் டிராகன் இருக்குன்னு தெரிஞ்சது. வயசு கிட்டத்தட்ட 4. கீழ்த்தாடை ஒரு பக்கம் கோணல். இடது தொடை எலும்பு எப்பவோ முறிஞ்சு கோணலா ஒட்டியிருந்தது. நிறம் பச்சை இல்ல, சேத்து நிறம். மன அழுத்தத்துல இதுங்க அப்படித்தான் கருத்துப் போகும்.

23/
அதை வளர்த்த குடும்பம் ஒரு தாள் எழுதி வெச்சிருந்தாங்க. என்ன சாப்பிடும், எந்தக் கிளை பிடிக்கும், எந்த நேரம் தூங்கும், தாடைக்குக் கீழ தடவினா கண்ணை மூடும். கடைசி வரி: "விளக்கை ஒரு நாள்கூடப் போடாம இருந்ததில்ல." மீட்பு நிலையத்துல அந்த விளக்கை மீட்டர் வெச்சு அளந்திருக்காங்க. யூவிபி கிட்டத்தட்ட பூஜ்யம். ரெண்டு வருஷமா மாத்தாத விளக்கு.

அந்தத் தாளைப் படிச்சப்போ எனக்கு என் க்ளினிக் அம்மாக்கள் ஞாபகம்தான் வந்தது.

24/
மகளுக்குக் குட்டி மேலதான் ஆசை. மனைவி என்கிட்ட, "ஏங்க, ஆஸ்பத்திரியில பார்க்கிற பேஷண்ட் போதாதா, வீட்டுலயும் ஒண்ணா?"ன்னாங்க. நியாயமான கேள்வி. கால்நடை டாக்டர் எக்ஸ்ரேவைக் காட்டினார். எலும்பு வெள்ளையாத் தெரியணும், அது சாம்பல் நிழல் மாதிரி இருந்தது. "எலும்பு திரும்ப இறுகும். கோணல் நிமிராது. உயரத்துல இருந்து விழக்கூடாது. நல்லா பார்த்துக்கிட்டா இன்னும் பல வருஷம் இருக்கும். யாரும் எடுக்கலைன்னா இந்த நிலைமையில என்ன செய்யலாம்னு யோசிக்கணும்"னார். அதுக்கு என்ன அர்த்தம்னு மகளுக்கும் புரிஞ்சது.

25/
அவ கேட்டது ஒரே கேள்வி. "அப்பா, அதுக்கு வலிக்குதா?" டாக்டர் சொன்னார்: "இப்ப வலி கொஞ்சம் இருக்கும். எலும்பு தேறினா குறையும்." கார்ல வரும்போது அவ எதுவும் பேசல. ராத்திரி நோட்டுல கிளைகளோட படத்தை அழிச்சுட்டு, எல்லாக் கிளையையும் தரையிலிருந்து ஒரு அடிக்குக் கீழ வரைஞ்சு வெச்சிருந்தா. நானும் மனைவியும் அதுக்கு மேல எதுவும் பேசிக்கல.

26/
முதல் எட்டு மாசம்: கால்நடை டாக்டர் குடுத்த கால்சியம் திரவம், புது யூவிபி குழல், கீழேயே படுத்துக்கத் தாழ்வான கிளைகள், கீழ கனமான பாசிப் படுக்கை. கோணல் தாடையால பூச்சியைத் துரத்திப் பிடிக்க முடியாது, அதனால இடுக்கியில ஊட்டினோம். எட்டாம் மாச எக்ஸ்ரேவுல எலும்பு வெளுத்திருந்தது. தாடை இன்னும் கோணல்தான், அப்படியேதான் இருக்கும். நிறம் பச்சையாச்சு. நீங்க பார்த்த படம் அதுக்கப்புறம் எடுத்தது.

27/
சாப்பாடு: சுவர்க்கோழி, வெட்டுக்கிளி, வளர்ப்புக் கரப்பான், எப்பவாவது மண்புழு. கொஞ்சம் கீரை, பழம். பூச்சிகள்ல கால்சியத்தை விடப் பாஸ்பரஸ் பல மடங்கு அதிகம். அப்படியே குடுத்தா எலும்புக்கு எதிரி. அதனால பூச்சிக்கே முதல் நாள் நல்லா கீரை, கேரட் போட்டு, குடுக்கிறதுக்கு முன்னாடி கால்சியம் பொடியில புரட்டிக் குடுக்கணும். டி3 கலந்த பொடி எத்தனை நாளைக்கு ஒரு தடவைன்னு கால்நடை டாக்டர் சொல்ற கணக்குதான். நல்லதுன்னு அள்ளிப் போட்டா கால்சியம் சிறுநீரகத்துலயும் ரத்தக்குழாய்லயும் படியும். குழந்தைகளுக்கும் இதே எச்சரிக்கைதான்.

28/
பெண் டிராகன் வாங்கறவங்களுக்கு ஒரு வார்த்தை. ஆண் துணையே இல்லாமலும் முட்டை வைக்கும். பெரும்பாலும் கரு இல்லாத முட்டை. ஆனா 2016-ல வாஷிங்டன் ஸ்மித்சோனியன் தேசிய விலங்குக்காட்சியகத்துல ஆணே இல்லாம ஒரு குட்டி பொரிச்சது. மரபணுச் சோதனையில தாய் மட்டும்தான்னு உறுதியாச்சு. அதிசயம்தான். உங்க வீட்டுல கவலைப்பட வேண்டியது வேற: ஈர மண் நிறைச்ச பெட்டி இல்லைன்னா முட்டை வைக்காம வயித்துலயே அடக்கி வெச்சு, உயிருக்கே ஆபத்தாகும். ரெண்டு ஆணை ஒரே பெட்டியில போடவே கூடாது. துணை இல்லாம இது ஏங்காது. ஒண்ணே போதும்.

29/
தேர்ந்தெடுக்கும்போது என்ன பார்க்கணும்? கண் ரெண்டும் திறந்து தெளிவா. தாடை ரெண்டு பக்கமும் சமமா, கெட்டியா. கால் நேரா, விரல் எல்லாம் இருக்கா. மூக்குல புண் இல்லாம. வால் அடிப்பகுதி சதைப்பிடிப்பா, இடுப்பெலும்பு துருத்தாம. கழிவுத் துவாரம் சுத்தமா. உங்க கண் முன்னாடி சாப்பிடச் சொல்லிப் பாருங்க. விளக்கு எப்ப மாத்தினதுன்னு கேளுங்க. பதில் சொல்லத் தெரியாத கடையில வாங்காதீங்க.

30/
முக்கியமா ஒண்ணு. கையில எடுத்ததும் அடங்கி ஒடுங்கி உக்காந்திருக்கிற குட்டியை "எவ்வளவு சாது"ன்னு நினைக்காதீங்க. அவசரப் பிரிவுல எங்களுக்குக் கத்தி அழற குழந்தை மேல பயம் இல்ல. எதுக்கும் அழாம படுத்திருக்கிற குழந்தை மேலதான் பயம். பல்லியும் அப்படித்தான். காட்டுல நோயைக் காட்டினா வேற ஒண்ணுக்கு இரை. அதனால முடிஞ்ச வரைக்கும் மறைக்கும். உங்க கையை விட்டு ஓடப் பார்க்கிற குட்டிதான் ஆரோக்கியமான குட்டி.

31/
எங்க இருந்து வந்ததுன்னு கேளுங்க. காட்டுல பிடிச்சு ஏத்துமதி பண்ணினதும், இறைச்சிக்காக வேட்டையாடினதும், காடு அழிஞ்சதும் சேர்ந்து இந்த இனம் இப்ப அழியும் அபாயப் பட்டியல்ல இருக்கு. 2022-ல பனாமாவுல நடந்த சைட்டீஸ் மாநாட்டுல இரண்டாம் இணைப்புல சேர்த்தாங்க. அதாவது நாடு விட்டு நாடு கொண்டு போக அனுமதிச் சீட்டு வேணும். மீட்பு நிலையத்துல கிடைச்சா எடுங்க. இல்லைன்னா கூண்டுலயே பிறந்த குட்டின்னு ஆதாரத்தோட சொல்றவங்ககிட்ட மட்டும் வாங்குங்க.

32/
இந்தியாவுல இருந்து கேட்டவங்களுக்கு: 2022-ல திருத்தின வனவிலங்குச் சட்டப்படி சைட்டீஸ் பட்டியல்ல இருக்கிற வெளிநாட்டு உயிர்களும் சட்டத்துக்குள்ள வந்துடுச்சு. வெச்சிருக்கிறவங்க பரிவேஷ் இணையதளத்துல பதிவு பண்ணணும், 2024-ல விதிமுறையே வந்துடுச்சு. பாங்காக்ல இருந்து சென்னை ஏர்போர்ட்டுக்குப் பெட்டிக்குள்ள அடைச்சுக் கடத்திட்டு வந்த ஊர்வன பிடிபட்ட செய்தி அடிக்கடி படிக்கிறோம். சீட்டு இல்லாம "கம்மி விலை"ன்னு யாராவது சொன்னா ஒதுங்கிடுங்க. உடும்பு, நட்சத்திர ஆமை மாதிரி நம்ம ஊர் உயிர்களை வீட்டுல வெச்சிருக்கிறதே குற்றம்.

33/
உங்க பிள்ளைக்கு ஓணான் மேல ஆர்வமா? நல்லது. கல் எடுத்து அடிக்கிற பழக்கத்தை மட்டும் நிறுத்திட்டு, கொல்லைப் பக்கம் ஒரு மணி நேரம் உக்கார வையுங்க. இனப்பெருக்கக் காலத்துல ஆண் ஓணான் கழுத்து செக்கச்செவேல்னு மாறும். தலையை ஆட்டிப் பக்கத்து ஆணை மிரட்டும். பைசா செலவு இல்ல, விளக்கு மாத்த வேண்டாம், அதுக்கும் எந்தக் கஷ்டமும் இல்ல. நல்ல நோட்டு ஒண்ணு வாங்கிக் குடுங்க, போதும்.

34/
செலவுக் கணக்கு: குட்டி 50 பவுண்டு. பெட்டி, விளக்கு, தெர்மோஸ்டாட், கிளை எல்லாம் சேர்த்து எங்களுக்கு 600 பவுண்டைத் தாண்டிச்சு. பூச்சிச் செலவு, கரண்ட் பில், கால்நடை டாக்டர் தனி. தினமும் 40 நிமிஷம். இங்கிலாந்துச் சட்டப்படி 16 வயசுக்குக் கீழ இருக்கிறவங்களுக்கு விலங்கை விற்கக் கூடாது. பொறுப்பு பெரியவங்களோடது. மகள் காலேஜ் போன பிறகும் பச்சையப்பன் எங்ககூடத்தான் இருப்பான். அதுக்குச் சம்மதம்னாத்தான் ஆரம்பிக்கணும்.

35/
எங்க வீட்டு விதிகள், சுவர்ல ஒட்டியிருக்கு:
தொட்டா சோப்புப் போட்டுக் கை கழுவணும், தம்பி கழுவறதைப் பெரியவங்க நின்னு பார்க்கணும்.
முகத்துக்குக் கிட்ட கொண்டு போகக் கூடாது, முத்தம் கிடையாது.
கிச்சனுக்குள்ள, சாப்பாட்டு மேஜை மேல வரக் கூடாது.
தொட்டித் தண்ணி டாய்லெட்டுக்குத்தான் போகணும். அதைக் கழுவற பிரஷ், வாளி தனி.
யாருக்காவது பேதி, காய்ச்சல் வந்தா டாக்டர்கிட்ட "வீட்டுல பல்லி இருக்கு"ன்னு முதல் வரியிலயே சொல்லணும்.

36/
கடைசியா ரெண்டு வேலை. உங்க வீட்டுல ஏற்கனவே நீர் டிராகனோ வேற பகல் பல்லியோ இருந்தா, இன்னிக்கு ராத்திரியே யூவிபி விளக்கு எப்ப மாத்தினதுன்னு பாருங்க. தேதி ஞாபகம் இல்லைன்னா மாத்திடுங்க, புது விளக்கு மேல மார்க்கர்ல தேதி எழுதுங்க. இங்கிலாந்துல இருக்கிற நம்ம மக்கள் 5 வயசுக்குக் கீழ பிள்ளைங்களுக்கு வைட்டமின் டி சொட்டு குடுக்கறீங்களான்னு பாருங்க. இல்லைன்னா நாளைக்கே உங்க ஹெல்த் விசிட்டரையோ பார்மசியையோ கேளுங்க.

இழை முடிஞ்சது. சந்தேகம் இருந்தா கீழ கேளுங்க, ட்யூட்டி முடிச்சுட்டு வந்து பதில் சொல்றேன்.